பெயின்ற் ரிமூவரும் மாமாவின் தலைச்சுற்றும்

கேள்வி: நான் கோண்டாவிலில் சிறிய மரவேலைத் தளம் ஒன்று நடத்துகிறேன். வெளிநாட்டில் இருந்து வந்து பழைய வீடுகளைத் திருத்துகிறவர்கள், கதவு யன்னல்களில் உள்ள பெயின்றை உரித்து மரத்தை வெளியே கொண்டுவரச் சொல்லி எங்களிடம் தருவார்கள். போன மாதம் ஒரு நாற்சார் வீட்டில் வேலை. மழை என்றபடியால் கதவுகளை உள்ளறைக்குள் வைத்து, சாரல் அடிக்காமல் யன்னலைச் சாத்திக்கொண்டு, காலை எட்டு மணியில் இருந்து ரிமூவர் பூசி உரித்தோம். நான் நின்றுகொண்டு யன்னல்களைச் செய்தேன். மாமா நிலத்தில் குந்தியிருந்து கதவைச் செய்தார். அவருக்கு வயது 61, சுருட்டுப் பழக்கம் உண்டு, இதயத்துக்கு ஸ்ரென்ற் வைத்தவர். ஒரு மணியளவில் கதை குழறி, இருந்த இடத்திலேயே சரிந்துவிட்டார். வெளியே தூக்கி வந்ததும் தெளிந்தார். பக்கத்துக் கிளினிக்கில் விரலில் மாட்டிப் பார்த்து 98 என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று இரவு தலையிடி கூடி, நெஞ்சு இறுகுகிறது என்றார். காலையில் சரி. நாங்கள் மாஸ்க், கையுறை எல்லாம் போட்டுத்தான் இருந்தோம். ரின்னில் 'மெதிலீன் குளோரைட்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் ஒன்றும் இல்லை. இது நஞ்சா? எந்த மாஸ்க் வாங்க வேண்டும்? உரித்த கழிவைக் கிணற்றடியில் கழுவி வாழைக்கு விடுகிறோம், அதில் பிரச்சினை உண்டா? இந்த வேலையை விட எங்களால் முடியாது.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் மாமாவின் விஷயம். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து சேர மூன்று கிழமை ஆகிவிட்டது. அன்றைக்கு அவருடைய இரத்தத்தில் என்ன இருந்தது என்பதை இனி எந்தப் பரிசோதனையாலும் பிடிக்க முடியாது. ஆனால் ஸ்ரென்ற் வைத்த மனிதருக்கு இரவில் நெஞ்சு இறுகியிருக்கிறது. 'காலையில் சரி' என்று அதை விட்டுவிடாதீர்கள். அவர் வழமையாகக் காட்டும் இதய கிளினிக்குக்கு இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள், ஈசீஜீ எடுக்கட்டும். திரும்ப நெஞ்சு இறுகினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். போகும்போது ரின்னின் லேபலைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். 'பெயின்ற் மணத்துக்குத் தலை சுற்றினது' என்று மட்டும் சொன்னால் எந்த வைத்தியருக்கும் விஷயம் பிடிபடாது. 'மெதிலீன் குளோரைட்டை மூடிய அறைக்குள் ஐந்து மணித்தியாலம் சுவாசித்தவர்' என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, மாமா இனி இந்த வேலைக்கு வரக் கூடாது. உளி பிடிக்கட்டும், சீவுளி தள்ளட்டும், பொலிஷ் செய்யட்டும். ரிமூவர் ரின் திறந்திருக்கும் இடத்தில் அவர் நிற்கவே வேண்டாம். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், அந்தத் திரவம் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு இருகுளோரோமெதேன் என்ற பெயர் நினைவிருக்கும். மெதிலீன் குளோரைட் என்பதும் அதுதான். ஒரு காபன் அணுவும் அதைச் சுற்றி நான்கு ஐதரசனும் இருந்தால் அது மெதேன், சாண எரிவாயுவில் எரிவது. அந்த ஐதரசன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த இடத்தில் குளோரினை மாட்டிக்கொண்டு போனால், இரண்டாவது படியில் கிடைப்பது உங்கள் ரிமூவர். மூன்றாவது படியில் குளோரோபோம். நான்காவதில் காபன் நாற்குளோரைட்டு. ஒரு காலத்தில் உடுப்பில் கறை எடுக்கவும் தீயணைக்கவும் அதைப் பாவித்தார்கள், ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். எடின்பரோவில் சிம்சன் 1847 இல் பிரசவ வலிக்குக் கொடுக்கத் தொடங்கிய குளோரோபோமுக்கு நீங்கள் பூசியது கூடப்பிறந்த அண்ணன். மாமா கதை குழறிச் சரிந்ததில் அதிசயம் இல்லை. அவருக்கு மயக்க மருந்து கொடுபட்டிருக்கிறது, பக்கத்தில் மயக்க மருந்து வைத்தியர் இல்லை, அவ்வளவுதான்.

நஞ்சா என்று கேட்டீர்கள். நஞ்சுதான். ஆனால் உலகம் இதை வீணுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எண்ணெய், பிசின், மெழுகு, பல வகைப் பிளாஸ்ரிக் எல்லாவற்றையும் கரைக்கும், கரைத்த பிறகு தடமில்லாமல் பறந்துவிடும், பெற்றோல் போலச் சட்டென்று தீப்பற்றவும் மாட்டாது. இந்த மூன்று குணமும் ஒரே திரவத்தில் அமைவது அரிது. அதனால்தான் மருந்துத் தொழிற்சாலைகள் இதைக் கரைப்பானாக வைத்திருக்கின்றன. மெத்தைக்கான ஸ்பொஞ்சை உப்ப வைக்க இதைச் சேர்த்திருக்கிறார்கள். விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் அக்கிரிலிக் தகடுகளை ஒட்ட, தண்ணீர் மாதிரி ஒரு பசையை ஊசிக் குழாயால் விடுவார்களே, அதில் பலவற்றில் இருப்பதும் இதுதான். கோப்பிக் கொட்டையில் இருந்து கஃபீனை மட்டும் இழுத்தெடுக்கவும் இதைப் பாவிக்கிறார்கள். வறுத்த கோப்பியில் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் மிஞ்சக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். தலையை ஆட்டி ஆட்டித் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவைப் பொம்மை ஞாபகம் இருக்கிறதா? அதன் வயிற்றில் இருக்கிற நிறத் தண்ணியும் பெரும்பாலும் இதுதான். 40 பாகை செல்சியசில் கொதிப்பது என்றபடியால், அறை வெப்பத்தின் சின்ன வித்தியாசமே அதை மேலும் கீழுமாக ஓட வைக்கப் போதும்.

40 பாகை என்பதைக் கவனியுங்கள். சித்திரை, வைகாசி மத்தியானங்களில் நமது தகரக் கொட்டிலுக்குள் எவ்வளவு வெக்கை இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் ரின்னைத் திறப்பது, அடுப்பில் கொதிவரும் தறுவாயில் இருக்கும் கேத்தலைத் திறப்பது போன்றது. மூடி உப்பியிருக்கும், திறந்தால் சீறும். நிழலில் வைத்து ஆறவிட்டு, மூடியின் மேல் துணியைப் போட்டு, மெல்ல மெல்லத் திருகுங்கள். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் பல தளங்களில் உண்டு. அது வேண்டவே வேண்டாம். பிளாஸ்ரிக் இளகும் என்பது ஒரு காரணம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள் என்பது பெரிய காரணம்.

பெயின்றை இது எப்படி உரிக்கிறது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. சின்ன மூலக்கூறு என்றபடியால் பெயின்ற் படைக்குள் புகுந்து மரம் வரை போய்விடும். போய், படையை உள்ளிருந்தே ஊதச் செய்யும். ஊதின படைக்கு மரத்தில் இடம் போதாது, பாலாடை சுருங்குவது போலச் சுருங்கி எழும்பும். நீங்கள் சுரண்டியால் தள்ளினால் போதும். நாற்பது வருடத்துப் பச்சை, அதற்குக் கீழே மண்ணிறம், அதற்கும் கீழே நீலம் என்று எல்லாம் ஒன்றாகக் கழன்றுவந்து முதிரையின் மஞ்சள் தெரிகிற நேரம் ஓடாவிக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. இதற்கு ஈடான வேகம் உள்ள மாற்று இன்னும் வரவில்லை என்பதை மறைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் தம்பி, நீங்கள் அன்றைக்கு எதையெதைக் காவல் என்று நம்பினீர்களோ அதில் ஒன்றுகூட உங்களைக் காக்கவில்லை.

மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மணம் கூடினால் வெளியே போவோம் என்று நினைத்திருப்பீர்கள். இதன் மணம் இனிப்பானது, மண்ணெண்ணெய் மாதிரிக் குமட்டாது. பலருக்கு அது தெரியத் தொடங்குவதே காற்றில் பத்து இலட்சத்துக்கு 200 பங்குக்கு மேல் ஏறிய பிறகுதான். அமெரிக்கத் தொழிலிடங்களில் எட்டு மணித்தியால வேலைக்குப் பல காலமாக வைத்திருந்த எல்லை 25 பங்கு. மணம் வந்துவிட்டது என்றால் அந்த எல்லையைத் தாண்டிப் பல மடங்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். பிறகு மூக்கு பழகிப்போய், மணம் குறைந்துவிட்டது என்று வேறு சொல்லும்.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு அறை. அதற்குள் ஏறக்குறைய 28,300 லீற்றர் காற்று இருக்கும். அரைக் கோப்பை தேநீர் அளவு, அதாவது 100 மில்லிலீற்றர் மெதிலீன் குளோரைட் அங்கே ஆவியானால், நமது வெப்பநிலையில் அது 39 லீற்றர் ஆவி. வெளியே போக வழியில்லாவிட்டால் பத்து இலட்சத்துக்கு ஏறக்குறைய 1,400 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் குறித்திருக்கும் அளவு 2,300. இதெல்லாம் அரைக் கோப்பைக்கு. ஒரு இரட்டைக் கதவுக்கு இருபக்கமும் பூச நீங்கள் எத்தனை கோப்பை எடுக்கிறீர்கள் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அதோடு அந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம். மேலே எழும்பிப் போகாது, தரையில் குளம் மாதிரித் தேங்கும். நின்று வேலை செய்த உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, குந்தியிருந்த மாமா விழுந்தார். வயசு போன உடம்பு என்பதால் மட்டும் இல்லை, அவருடைய மூக்கு அந்தக் குளத்துக்குள் இருந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை குளியல் தொட்டிகளின் பூச்சை உரிக்கப் போன 13 தொழிலாளர்கள் இதனால் இறந்ததாகப் பதிவு உண்டு. சின்னக் குளியலறை, அதற்குள் தொட்டி, தொட்டிக்குள் குனிந்த தலை.

நமது ஊரில் பாழ்கிணற்றுக்குள் இறங்க முதல் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணையாவிட்டால் மனிதர் இறங்கலாம். இந்த ஆவிக்கு அந்தச் சோதனை சரிவராது. மயங்கி விழப் போதுமான ஆவி இருக்கும் இடத்திலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இன்னும் மோசம், அந்த நெருப்பில் பட்ட ஆவி பிரிந்து ஐதரசன் குளோரைட்டாகவும் பொஸ்ஜீனாகவும் மாறும். பொஸ்ஜீன் என்பது முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் விட்ட நச்சுவாயு. மாமா இடையில் சுருட்டுப் பற்றினாரா என்று நீங்கள் எழுதவில்லை. பற்றியிருந்தால், சுருட்டின் கங்கு வழியாக அந்த ஆவியை உள்ளே இழுத்திருக்கிறார். தீப்பற்றாது என்று லேபலில் போட்டிருப்பதை, பக்கத்தில் நெருப்பு வைக்கலாம் என்று வாசித்துவிடாதீர்கள்.

சரி, விரலில் மாட்டும் கருவிக்கு வருவோம். மாமா விஷயத்தில் என்னை ஆகக் கூடக் கவலைப்படுத்துவது அந்த 98 தான்.

மூச்சோடு உள்ளே போன மெதிலீன் குளோரைட் முழுவதும் திரும்ப வெளியே வருவதில்லை. ஒரு பகுதியை ஈரல் உடைக்கிறது. உடைத்து உண்டாக்கும் பொருட்களில் ஒன்று காபனோரொட்சைட்டு, ஜெனரேற்றரை வீட்டுக்குள் ஓட விட்டுப் படுத்தவர்களைக் கொல்கிற அதே வாயு. வெளியில் புகை இல்லை, அடுப்பு இல்லை, உடம்பே அதைக் காய்ச்சி எடுக்கிறது. 1972 இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்ருவட்டும் அவருடன் இருந்தவர்களும் இதைக் கண்டு எழுதும் வரை வைத்திய உலகத்துக்கே இது தெரியாது. காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும் வலிமை ஒட்சிசனுடையதைவிட 200 மடங்குக்கும் மேல். ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக் குந்திவிடும். அடைப்பு இருக்கிற இதயத்துக்கு ஏற்கனவே இரத்தம் மட்டு, வருகிற இரத்தத்திலும் ஒட்சிசன் குறைந்தால் நெஞ்சு இறுகாமல் என்ன செய்யும்? சுருட்டுக்காரருக்கோ வேலை தொடங்க முதலே அந்த வாயு இரத்தத்தில் கொஞ்சம் இருக்கும்.

கருவி ஏன் 98 காட்டியது? அது இரத்தத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் நல்ல சிவப்பு. காபனோரொட்சைட்டு ஏறியதும் நல்ல சிவப்பு. சாதாரணக் கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க இரத்தத்தை எடுத்து கார்பொட்சி ஈமோகுளோபின், அதாவது காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபின், எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பயிற்சி வைத்தியனாக இருந்த காலத்தில் ஒரு வேலைத்தளத்தில் இருந்து கொண்டுவந்த பெடியனை, கதை குழறுகிறது, கால் தள்ளாடுகிறது என்பதை மட்டும் வைத்து, 'மது அருந்தியவர்' என்று கட்டில் சீட்டில் எழுதியவன் நான். அவனுடைய தாய் 'என்ர பிள்ளை குடிக்காதவன் ஐயா' என்று இரண்டு தரம் சொன்னார். உடுப்பில் இனிப்பான ஒரு மணம் இருந்தது, அது என்னவென்று நான் கேட்கவில்லை. கடவுள் புண்ணியம், பிழைத்துக்கொண்டான். தொழில்சார் நோய்கள் பக்கம் நான் திரும்பியதற்கு அந்தத் தாயும் ஒரு காரணம்.

இரவில் ஏன் கூடியது என்பதும் இதிலேயே இருக்கிறது. இந்தத் திரவம் கொழுப்பில் போய்த் தங்கும். வெளிக்காற்றுக்கு வந்ததும் மயக்கம் சீக்கிரம் தெளியும், ஆனால் கொழுப்பில் இருந்தது மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வர, ஈரல் அதை உடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் காபனோரொட்சைட்டின் அளவு வேலை முடிந்து சில மணித்தியாலங்களுக்குப் பிறகும் ஏறலாம். வெளியில் இருந்து வந்த புகை என்றால் மூச்சோடு ஐந்தாறு மணித்தியாலத்தில் பாதியாகக் குறையும். இதில் உள்ளேயே உற்பத்தி நடப்பதால் அதைவிட நெடுநேரம் எடுக்கும். ஆகவே 'தெளிந்துவிட்டார், வீட்டில் படுக்க விடுங்கள்' என்பது தவறான முடிவு. இப்படி யாராவது விழுந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், ஒட்சிசன் கொடுத்து ஒரு இரவாவது வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். விழுந்தவரைத் தூக்க நீங்களும் ஓடிப்போய்க் குனியாதீர்கள். முதலில் கதவு யன்னலை வெளிப்பக்கமாக நின்று திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து வாருங்கள். முடியாது என்றால் உள்ளே போக வேண்டாம், ஒருவருக்கு இரண்டு பேர் விழுந்த கதைகள் உண்டு.

எந்த மாஸ்க் என்று கேட்டீர்கள். ஸ்ரான்லி வீதி ஹாட்வெயார் கடைகளில் கிடைப்பது எதுவும் உதவாது. துணி மாஸ்க்கும் வைத்தியசாலை மாஸ்க்கும் தூசிக்குத்தான். இரண்டு பக்கமும் உருளை வைத்த கரி மாஸ்க் பெயின்ற் ஸ்பிரே வேலைக்கு நல்லது, ஆனால் இவ்வளவு சீக்கிரம் ஆவியாகும் திரவத்தைக் கரியால் பிடித்து வைத்திருக்க முடியாது. சிறிது நேரத்தில் ஊடுருவி வந்துவிடும். ஊடுருவியதை மூக்கும் உடனே சொல்லாது. வெளியில் இருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் கவசம் ஒன்றுதான் இதற்குச் சரி. அதன் செலவு உங்கள் தளத்துக்குக் கட்டுப்படியாகாது. கையுறையும் அப்படித்தான். ரப்பரையும் நைத்திரைல் என்று விற்கும் நீலக் கையுறையையும் இது சில நிமிடங்களில் கடந்துவிடும். கடந்த பிறகு கையுறைக்குள் அகப்பட்டு, பறக்க வழியில்லாமல் தோலைச் சுடும். வேலை செய்யும்போது விரல் எரிந்தால் முதலில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். இதற்கென்றே செய்த பல அடுக்குப் படலக் கையுறைகள் உண்டு, கொழும்பில் ஆய்வுகூடப் பொருட்கள் விற்பவர்களிடம் விசாரியுங்கள்.

ஆக மாஸ்க் வாங்கி அறைக்குள் வேலை செய்வது என்ற யோசனையை விட்டுவிடுங்கள். மழை என்றால் அன்றைக்கு உரிக்கிற வேலை இல்லை. கதவைக் கழற்றி முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள், வேப்பமர நிழலில் மேசை உயரத்துக்கு வையுங்கள். சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்று உங்கள் பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். பலர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும் என்று நினைப்பார்கள். அப்படி நின்றால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று ஆவியை முகத்துக்கே திருப்பிக் கொண்டுவரும். சிறிய பாத்திரத்தில் கொஞ்சமாக ஊற்றி எடுத்துக்கொண்டு ரின்னை உடனே மூடுங்கள். பூசிவிட்டு அது வேலை செய்யும் வரை தள்ளிப் போய் நில்லுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் பெயின்ற் கெதியாக எழும்பாது. கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

கழற்ற முடியாத நிலைகளும் யன்னல் சட்டங்களும் இருக்கும்தானே? அங்கே இந்த ரிமூவர் வேண்டாம். பென்சைல் அற்ககோல் அடிப்படையில் செய்த ரிமூவர்கள் இருக்கின்றன, விலை கூட, வேலை மெது. காலையில் பூசிப் பொலித்தீனால் மூடிவிட்டுப் பின்னேரம் வந்து சுரண்ட வேண்டியிருக்கும். அதுவும் தோலில் படாமல், காற்றோட்டத்தோடுதான். எரிசோடாவைச் சிலர் சொல்வார்கள். தேக்கையும் முதிரையையும் அது கறுப்பாக்கும், நாரையும் எழுப்பிவிடும், ஓடாவியான உங்களுக்கு இது தெரிந்திருக்கும். சூடான காற்று அடிக்கும் கருவியைப் பாவிக்கலாம், ஆனால் ரிமூவர் பூசிய இடத்தில் ஒருபோதும் அல்ல. பொஸ்ஜீன் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ரிமூவருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இலங்கையில் பெயின்றில் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை வந்தது 2013 இல். அதற்கு முந்திய எனாமல் பூசிய கதவில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. அதை உலர்ந்த சான்ட் பேப்பரால் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத் தூசி, அதிகமாகச் சுட்டால் ஈயப் புகை. ரிமூவர் ஈரமாகவே உரிப்பதால் தூசி எழும்பாது. ஆகவே 'இரசாயனம் வேண்டாம், மெசினைப் பிடித்துத் தேய்ப்போம்' என்று முடிவெடுத்தால் ஒரு கேட்டை விட்டு இன்னொரு கேட்டில் விழுவீர்கள். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் நனைத்துத் தேயுங்கள். இன்னும் ஒன்று, வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: எல்லாக் கதவையும் உரிக்கத்தான் வேண்டுமா? தெருக் கதவையும் சாமியறைக் கதவையும் வடிவாக எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்பக்கத்துக் கதவுகளுக்கு மேலால் நல்ல பெயின்ற் ஒரு பூச்சுப் பூசினால் அவருக்கும் செலவு குறையும். மூன்று கிழமை லீவில் வந்தவருடைய அவசரம் உங்கள் ஈரலின் அவசரம் இல்லை.

வெளிநாட்டுக்காரர் என்றபடியால் அவருக்கு விளக்குவதும் சுகம். அவர் இருக்கும் நாட்டிலேயே இந்த ரின் கடைத்தட்டில் இல்லாமல் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2011, 2012 காலத்தில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தியது. அமெரிக்கா 2019 இல் வீட்டுப் பாவனைக்கான ரிமூவரைத் தடை செய்து, 2024 இல் பெரும்பாலான தொழில் பாவனைகளுக்கும் தடையை நீட்டியது. பழம்பெரும் மரவேலைகளைப் புதுப்பிப்பவர்களுக்குக் கடும் நிபந்தனைகளோடு சில வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது உங்கள் தொழிலின் கஷ்டம் அங்கேயும் விளங்கியிருக்கிறது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை இதை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. ஒரு நாள் வேலையால் வருவதல்ல அது, வருடக்கணக்கில் தினமும் சுவாசிப்பவர்களைப் பற்றியது. நீங்கள் அந்தப் பட்டியலில் சேரலாம் என்றபடியால் சொல்கிறேன்.

வாழைக்கு விடும் தண்ணீர். இதை வாசித்தபோது எனக்கு உண்மையில் திக்கென்றது. சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் வந்த கதை நமக்கெல்லாம் தெரியும். எண்ணெய் தண்ணீரின் மேல் மிதக்கும், வாளியில் அள்ளினால் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். அதனால்தான் சனம் கண்டுபிடித்துச் சத்தம் போட்டது. மெதிலீன் குளோரைட் அப்படி இல்லை. தண்ணீரைவிட 1.3 மடங்கு பாரம், நிறம் இல்லை. நிலத்தில் ஊற்றினால் ஒரு பங்கு காற்றில் பறக்கும், மிச்சம் கீழே இறங்கும். நமக்கு ஆறு இல்லை, மலை இல்லை. இருப்பது சுண்ணாம்புக்கல்லும் அதன் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீரும்தான். வெடிப்பு வழியாக இறங்கியது நீர்மட்டத்தில் நிற்காமல் அதற்கும் அடியில் போய்த் தங்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 20 மைக்குரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஒரு லீற்றர் திரவம் முழுவதும் தண்ணீரில் போய்ச் சேர்ந்தால், 6 கோடி லீற்றருக்கும் மேலான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு வரும். முழுவதும் சேராது என்பது உண்மைதான். ஆனால் கிணற்றடியில் எத்தனை வருடமாகக் கழுவுகிறீர்கள்? ஈயமும் அதே வாழைப் பாத்தியில்தான் தங்கியிருக்கும்.

இன்றோடு அதை நிறுத்துங்கள். சுரண்டியதை மூடியுள்ள தகர வாளியில் சேருங்கள். கதவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் பழந்துணியால் துடையுங்கள், துணியையும் அதே வாளியில் போடுங்கள். எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். வாளி நிரம்பினால் எங்கே கொடுப்பது என்பதை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேளுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிணற்றைப் பற்றியும் சொல்லுங்கள். வில்லங்கம் வரும் என்று பயப்படத் தேவையில்லை, அந்தக் கிணற்றில் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே.

கடைசியாக அந்த ரின்னைப் பற்றி. மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிசன் வைத்தியரான கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதே யாழ்ப்பாணத்தில் விற்கிற ரின்னில் ஒரு தமிழ்ச் சொல் இல்லை. கடைக்காரரிடம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவரைக்கும் ஒரு வெள்ளைத் தாளில் நீங்களே தடித்த எழுத்தில் எழுதி ரின்னில் ஒட்டிவிடுங்கள்: 'முற்றத்தில் மட்டும். சுருட்டு, நெருப்பு வேண்டாம். தலை சுற்றினால் வேலையை விட்டு எழும்பவும்.' மாமாவின் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வைத்தியர்